அத்தானும் தீப்பெட்டி அட்டையும்

எங்கள் ஊரில் ஆடுகிற எதற்கும் ஒரே மருந்துதான். டீக்கடை பெஞ்சு ஆடுகிறதா, காலித் தீப்பெட்டி ஒன்றை நசுக்கிக் காலுக்கடியில் கொடு. பீரோ முன்பக்கம் சாய்கிறதா, தீப்பெட்டியின் மேல்பெட்டியைப் பிரித்து மடித்து அடியில் செருகு. ஜன்னல் கதவு காற்றில் படபடவென்று அடிக்கிறதா, அதற்கும் அதேதான். தெருவுக்குத் தெரு தீப்பெட்டி ஆபீஸ் இருக்கிற கோவில்பட்டியில் அட்டைக்கா பஞ்சம்? ஊரில் பாதி மரச்சாமான்கள் தீப்பெட்டியின் மேல்தான் நின்றுகொண்டிருந்தன. யாரும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை.

இப்படிப்பட்ட ஊருக்குத்தான் கயத்தாறு பக்கத்திலிருந்து எங்கள் அத்தான் வந்து சேர்ந்தார். என் அக்காவைக் கட்டியவர். மாட்டாஸ்பத்திரியில் ஆய்வாளர் வேலை. அவருடைய பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. மாட்டாஸ்பத்திரி சார் என்றால் ஆட்டுக்குட்டிக்குக்கூடத் தெரியும். மனிதர் சாதுவானவர்தான். யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். ஆனால் எந்தக் காலுக்கடியிலாவது அட்டை செருகியிருப்பது கண்ணில் பட்டுவிட்டால் அவருக்கு இருப்புக்கொள்ளாது.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில் நடந்ததை நானே பார்த்திருக்கிறேன். டீயைக் கையில் வாங்கி பெஞ்சில் உட்கார்ந்தவர் லேசாக அசைந்து பார்த்தார். டீயைக் கீழே வைத்தார். குனிந்தார். பெஞ்சுக் காலுக்கடியிலிருந்து நசுங்கிப்போன தீப்பெட்டி ஒன்றை உருவி எடுத்து, செத்த எலியைப் பிடிக்கிற மாதிரி இரண்டு விரலால் பிடித்துக் கடைக்காரரிடம் காட்டினார்.

"சார், டீ ஆறுது" என்றார் கடைக்காரர்.

"பெஞ்சு ஆடுதுல்லா?"

"அது ஆடத்தான் சார் செய்யும். தரை அப்படி."

"தரை அப்படின்னா காலும் அதுக்குத் தக்கன இருக்கணும்."

அவருடைய ஸ்கூட்டர் பெட்டியில் ஊசி மருந்தும் பஞ்சும் இருக்கிற இடத்தில் ஒரு அரமும் கிடக்கும். அதை எடுத்து வந்து பெஞ்சைக் கவிழ்த்துப் போட்டு, நீளமாக இருந்த காலை ராவ ஆரம்பித்துவிட்டார். டீ குடிக்க வந்தவர்கள் டம்ளரும் கையுமாக நின்றார்கள். ராவுவார், நிமிர்த்துவார், ஒரு மூலையை உள்ளங்கையால் அழுத்துவார், மறுபடி கவிழ்ப்பார். கடைசியில் பெஞ்சு ஆடாமல் நின்றது. கால் நிற்கிற இடங்களில் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, "இங்கன இருந்து நகட்டாதீக" என்று சொல்லிவிட்டு, ஆறிப்போன டீயைக் குடித்தார். அன்றிலிருந்து அந்தக் கடைக்காரர் அத்தானுக்கு மட்டும் டீயை ஆற்றாமலே கொடுப்பார். எப்படியும் ஆறத்தான் போகிறது என்பது அவர் கணக்கு.

அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்றும் இந்தக் கூத்து நடந்தது. கேசரியும் முறுக்கும் வைக்க அடுத்த வீட்டில் ஒரு மேஜை இரவல் வாங்கிப் போட்டிருந்தோம். இரவல் மேஜையோடு அதன் காலுக்கடித் தீப்பெட்டியும் சேர்ந்தே வந்திருந்தது. பெரியவர்கள் மழையைப் பற்றியும் மிளகாய் விளைச்சலைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளையைக் காணோம். பார்த்தால் மேஜைக்கு அடியில் இருக்கிறார். அவருடைய அம்மா காலால் ஒரு இடி இடித்தும் வெளியே வரவில்லை.

எங்கள் அப்பா பதறிப்போனார். "மாப்பிள்ளை எதையும் கீழ போட்டுட்டாரோ?"

உள்ளே அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்ற அக்கா சத்தமாகச் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில்தான் தன் கல்யாணம் முடிவானது என்று பின்னாளில் சொல்லுவாள். அத்தான் மேல் கோபமாக இருந்தால், "மேசைக்கு அடியில போன மனுசன், அன்னைக்கே எனக்குப் புத்தி வந்திருக்கணும்" என்றும் சொல்லுவாள். இரண்டும் உண்மைதான்.

மரச்சாமானோடு நிற்கிற விஷயமில்லை இது. ஒருநாள் மத்தியானம் சாப்பாடு கொண்டு போனபோது மாட்டாஸ்பத்திரி வாசலில் ஆட்டுக்கிடை போடுகிற ஒரு கிடைக்கார அம்மா நின்றுகொண்டிருந்தார். மந்தையை மெயின் ரோட்டைத் தாண்ட ஓட்டியபோது லாரி இடித்து ஒரு வெள்ளாட்டுக்கு முன்னங்கால் முறிந்துவிட்டது. ஆடு கத்தியது. அந்த அம்மா அதைவிடச் சத்தமாகக் கத்தினார்.

"வலிச்சு இறுக்கிக் கட்டுங்க சார். சாயந்தரம் மந்தையோட நடக்கணும்."

அத்தான் ஆட்டின் காலை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, விரலால் தடவிக்கொண்டே இருந்தார். எவ்வளவு நேரம் என்றால், நான் கொண்டு போன சோறு ஆறிவிட்டது. பிறகு விரல் ஒரு இடத்தில் நின்றது. ஆடும் கத்துவதை நிறுத்தியது. அதற்கப்புறம்தான் மூங்கில் சிம்பு வைத்துத் துணியைச் சுற்றினார். அதுவும் குழந்தைக்கு இடுப்புத்துணி கட்டுகிற மாதிரி லேசாக.

"கட்டு நிக்காது சார், அவுந்துரும்" என்றார் அந்த அம்மா.

"உக்காந்துட்டா அதுவே பிடிச்சுக்கிடும்மா. பிடிச்சு உக்கார வைக்க முடியாது" என்றார் அத்தான்.

இதுதான் அவருடைய மொத்தத் தத்துவமும். ஆட்டுக்கால், அலமாரி, ஆள், எல்லாவற்றுக்கும் இதையே சொல்லுவார். வீட்டில் இருப்பவர்களுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சாமிப் படம் வைக்கிற பலகை சுவரோடு சரியாகச் சேரவில்லை என்று கழற்றி வைத்ததில் சாமிகளெல்லாம் மாதக்கணக்கில் அரிசி டின் மேல் இருந்தார்கள். குளியலறைத் தாழ்ப்பாள் கதை இன்னும் மோசம். கதவு நிலையில் சரியாக உட்காராமல் தாழ்ப்பாள் போட்டால் அது தாழ்ப்பாளுக்குச் செய்கிற கொடுமையாம். அதனால் குளிக்கப் போகிறவர்கள் ஆள் இருக்கிறது என்று தெரிவதற்காகப் பாடிக்கொண்டே குளிக்க வேண்டும். நான் பாட்டுக் கச்சேரிப் பக்கம் போனதற்கு அக்கா வீட்டுத் தாழ்ப்பாள்தான் காரணம் என்று கேலி செய்வேன். அக்கா சிரிக்க மாட்டாள். "முடிஞ்ச சாமான்னு ஒண்ணை இந்த வீட்டுல காமிலே பாப்போம்" என்பாள்.

கச்சேரி என்றேன் அல்லவா. பகலில் எனக்குத் தீப்பெட்டி லேபிள் அச்சடிக்கிற பிரஸ்ஸில் வேலை. திருவிழாக் காலத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் எலெக்ட்ரிக் கிடார் வாசிப்பேன். தொண்ணூறுகளில் கோவில்பட்டி வட்டாரத்தில் கிடார்காரன் என்றால் ஒரு மரியாதை உண்டு. அந்த மரியாதை முழுக்க ஒரு ஐப்பசி மழையில் போனது.

எட்டயபுரம் தாண்டி ஒரு கிராமத்துக்கு வேனில் போய்க்கொண்டிருந்தோம். மழை பெய்த கரிசல் பாதை. வேனின் சக்கரம் உளைச் சேற்றுக்குள் இறங்கி, உருளவே மாட்டேன் என்று நின்றுவிட்டது. பாரம் குறைய வாத்தியங்களை எல்லாம் ஓரத்தில் இறக்கி வைத்துவிட்டு எல்லோரும் தள்ளினோம். என் கிடார் துணிப்பையோடு வரப்பில் இருந்தது. வரப்பைத் தண்ணீர் ஏறித் தாண்டியதை யாரும் பார்க்கவில்லை. ஊருக்குத் திரும்பிப் பையைத் திறந்தால், கிடாரின் உடம்பு ஊறி உப்பி, ஏடு ஏடாகப் பிரிந்து நின்றது. ஒட்டுப்பலகையில் செய்த உடம்பு. கழுத்து மட்டும் நல்ல மரம் என்பதால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

குழு நடத்துகிற மாஸ்டர் ஆறுதல் சொல்லுகிற ரகமில்லை. "பங்குனித் திருவிழாவுக்குள்ள கிடாரோட வா. இல்லாட்டிப் பந்தல்ல உக்காந்து கேளு. தூத்துக்குடிப் பையன் ஒருத்தன் கேட்டுக்கிட்டே இருக்கான். அவன் ஏறிட்டாம்னா அப்புறம் அவன்தான்" என்று சொல்லிவிட்டார்.

உடைந்த மனதோடு இரண்டு துண்டையும் அத்தானிடம் கொண்டு போனேன். இந்த மாதிரிக் கிடாரில் கழுத்தை உடம்போடு பசை போட்டு ஒட்டுவதில்லை. உடம்பின் மேல்பக்கம் ஒரு குழி வெட்டி, அதில் கழுத்தின் அடியை உட்கார வைத்து, பின்னாலிருந்து நாலு திருகு போட்டிருப்பார்கள். திருகைக் கழற்றினால் கழுத்து தனி, உடம்பு தனி. நான் கழற்றிக் காட்டினேன். அத்தானின் முகம் மலர்ந்ததை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

"பசையே இல்லியா மாப்ளே?"

"இல்ல அத்தான். திருகு மட்டுந்தான்."

"அப்படின்னா உக்காருததுலதான் எல்லாம் இருக்கு" என்று குழிக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே சிகரெட் அட்டைத் துண்டு ஒன்று நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் அந்தக் கிடாரை வைத்திருந்தவர் செருகியது. "இங்கயும் வச்சிருக்கானுவ பாரு!" என்று நகத்தால் சுரண்டி எடுத்து வாசலில் எறிந்தார். "கழுத்து இருக்கட்டும். நாம வேற உடம்பு செய்வோம்."

அவர் செய்வோம் என்று சொன்னதில் எனக்கு உயிர் வந்தது. அடுத்த நிமிஷமே குளியலறைத் தாழ்ப்பாள் ஞாபகம் வந்து பாதி உயிர் போனது.

நல்ல பூவரசம் பலகைக்காக வாள்பட்டறை வாள்பட்டறையாக அலைந்தார். கார்த்திகை போய்விட்டது. பழைய உடம்பைப் பலகை மேல் வைத்து வரைந்து அறுத்து, இழைத்து, ஓரம் உருட்டி எடுத்ததில் தையும் போய்விட்டது. அதற்கு நான் குறை சொல்ல மாட்டேன். பூவரசின் கருஞ்சிவப்பு வைரம் வெளியே வந்தபோது, பிரஸ்ஸில் என்னோடு வேலை பார்க்கிறவர்களை எல்லாம் கூட்டி வந்து காட்டினேன். அப்புறம்தான் குழி வெட்ட ஆரம்பித்தார். ஆஸ்பத்திரி விட்டு வந்ததும் வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்துவிடுவார்.

முதலில் குழியைச் சிறிதாகவே வெட்டினார். கழுத்து உள்ளே போகாது. அதுதான் சரி என்பார். பெரிசாக வெட்டிவிட்டால் மரம் திரும்பி வளராது. பிறகு கழுத்தின் அடியில் விபூதியைத் தடவுவார். குழிக்குள் வைத்து ஒரு அழுத்து அழுத்தி எடுப்பார். கறுத்த மரத்தில் எங்கெல்லாம் வெள்ளை ஒட்டியிருக்கிறதோ அங்கெல்லாம் மேடு. அந்த மேட்டை மட்டும் உளியால் ஒரு சீவு. மறுபடி விபூதி, மறுபடி அழுத்து, மறுபடி சீவு.

"சாமிக்கு வச்ச விபூதிய எடுத்துக் கட்டைக்குப் பூசுதியளே, இது நல்லாவா இருக்கு?" என்று அக்கா சத்தம் போட்டாள்.

"சாமிதான் அரிசி டின் மேல இருக்காருல்லா. அவருக்கு இப்ப எதுக்கு விபூதி?" என்றார் அத்தான். தெரிந்துதான் வாயைக் கொடுத்தார். அன்றைக்கு அக்கா அவருக்குக் காபி கொடுக்கவில்லை.

மாசி மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்னைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார். கழுத்தைக் குழியில் வைத்து உள்ளங்கையால் தட்டினார். திருகு ஒன்றுகூடப் போடவில்லை. கழுத்தை மட்டும் ஒரு கையால் பிடித்துத் தூக்கினார். நான் உடம்பு விழுந்துவிடும் என்று இரண்டு கையையும் கீழே நீட்டினேன். விழவில்லை. கனமான பூவரசு உடம்பு கழுத்தோடு கூடவே எழுந்து வந்தது. லேசாக ஆட்டினார். அப்போதும் விழவில்லை.

அத்தான் வாய்விட்டுச் சிரித்தார். அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்து, "என்னது, ஒட்டலையா? ஒண்ணுமே போடலியா?" என்று குழிக்கு ஓரத்தில் நகத்தை விட்டுப் பார்த்தாள். நகம் போகவில்லை. எனக்கு என்னமோ கண் கலங்கிவிட்டது. அத்தான் அப்படியே தெருவில் இறங்கி, திருகு போடாத கிடாரைக் கழுத்தைப் பிடித்துத் தொங்கவிட்டபடி, நாலு வீட்டுக்குக் காட்டிவிட்டு வந்தார். அந்த வீடுகளில் யாருக்கும் அதில் என்ன அதிசயம் என்று புரியவில்லை. அதைப் பற்றி அவருக்கும் கவலையில்லை.

திருகு போடுவதிலும் ஒரு முறை வைத்திருந்தார். உடம்பில் உள்ள துளை கொஞ்சம் பெரிசாக இருக்க வேண்டும். "உடம்புல திருகு சும்மா கடந்து போகணும் மாப்ளே. கழுத்துல போயித்தான் கடிக்கணும். ரெண்டுலயும் கடிச்சிச்சுன்னா ரெண்டும் சேராது, நடுவுல இடைவெளி நின்னுரும்." திருகில் துணி சோப்பைத் தேய்த்து, கொஞ்சம் கொஞ்சமாக, ஒன்று மாற்றி ஒன்றாக முடுக்கினார்.

பழைய உடம்பில் இருந்த மற்றச் சாமான்களை எல்லாம் இதில் மாற்றிப் பூட்டி, ஸ்ட்ரிங் மாட்டினேன். சுருதி சேர்த்தேன். வாசிக்க விரலை வைத்தேன். அழுத்த முடியவில்லை.

கழுத்தின் தலைமாட்டில் ஸ்ட்ரிங் சரியாகத்தான் இருந்தது. கீழே இறங்க இறங்க, கழுத்துக்கும் ஸ்ட்ரிங்குக்கும் நடுவே ஒரு பென்சிலே படுக்கும் போலிருந்தது. ஸ்ட்ரிங்கைத் தாங்குகிற பிரிட்ஜை அடிமட்டத்துக்கு இறக்கிப் பார்த்தேன். அப்படியும் முடியவில்லை. விரல் நுனி சிவந்து போனது. நான் சொல்லுவதற்கு முன்னாலேயே அத்தானுக்குப் புரிந்துவிட்டது. குழியின் அடி சமமாக வர வேண்டும் என்று சீவிச் சீவி, அதை அளவுக்கு மீறி ஆழமாக்கிவிட்டார். கழுத்து அருமையாக உட்கார்ந்திருந்தது. ஆனால் ரொம்பத் தாழ்ந்து உட்கார்ந்திருந்தது.

"தப்பு என்மேல" என்றார். "ரொம்ப எறங்கிட்டேன். வேற பலகை பாக்கணும்."

திருவிழாவுக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை. "அத்தான், உள்ள ஒரு சின்ன அட்டை..." என்று ஆரம்பித்தேன்.

"மாப்ளே, நீயா இதச் சொல்லுத?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகச் சொன்னார். தூத்துக்குடிப் பையன் மேடையில் நிற்பதை நினைத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.

அடுப்படியில் இருந்த அக்கா இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

மறுநாள் மத்தியானம் பிரஸ்ஸுக்கு ஆள் அனுப்பினாள். என்னமோ ஏதோ என்று ஓடினேன். மடியில் கிடாரைக் கிடத்திக்கொண்டு, ஸ்குரூ டிரைவரோடு உட்கார்ந்திருந்தாள். "வாசிச்சுப் பாருலே" என்று நீட்டினாள்.

வாசித்தேன். விரல் வைத்த இடத்தில் ஸ்ட்ரிங் படிந்தது. மேல் ஸ்தாயிகூடச் சுத்தமாகப் பேசியது. சந்தோஷத்தில் அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அதே நேரத்தில் வாசலை ஒருதரம் எட்டிப் பார்த்துக்கொண்டேன்.

"என்னக்கா செஞ்ச?"

"என்னத்தச் செய்ய? பக்கத்துல இருந்து பாத்தேன். நம்ம வீட்டு பீரோ கணக்கா முன்னால சாஞ்சு நிக்கு. பீரோ சாஞ்சா நம்ம என்ன செய்வோம்? அடியில ஒண்ணு கொடுத்தா நிமிந்துட்டுப் போவுது."

கல்யாணத்துக்கு முன்னால் அக்கா தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி ஒட்டியவள். அட்டையின் கனம் அவள் விரலுக்குத் தெரியும். குழியின் உள் ஓரத்தில், கழுத்தின் அடி முடிகிற இடத்தில், தீப்பெட்டி அட்டையை மடித்துக் கீற்றாக வைத்து, நாலு திருகையும் திருப்பிப் போட்டிருந்தாள். அவ்வளவுதான். கழுத்து ஒரு நூல் பின்னால் சாய்ந்துகொடுத்தது. ஸ்ட்ரிங் இறங்கிவிட்டது.

"அத்தான் வந்தா?"

"வரட்டும். நான் பேசிக்கிடுதேன்" என்றாள். ஆனால் சேலை நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

அத்தான் வந்தார். சட்டையைக் கழற்றவில்லை. கிடாரைப் பார்த்தார். புதுத் திருகின் தலையில் கீறல் விழுந்திருந்தது. அவர் முடுக்கினால் கீறல் விழாது.

"யாரு கை வச்சது?"

"நாந்தான்" என்றாள் அக்கா. குரல் கூடிவிட்டது. "என்ன இப்போ? நீங்க வேற பலகை பாத்து, வேற குழி வெட்டுத வரைக்கும் திருவிழா காத்துக்கிட்டு இருக்குமா? எந்தம்பி பந்தல்ல உக்காந்து ஊரான் வாசிக்கிறதக் கேக்கணுமா? அட்டைதான் வச்சிருக்கேன். தீப்பெட்டி அட்டை. வேணும்னா எடுத்துப் போடுங்க."

அத்தான் தரையில் உட்கார்ந்தார். ஸ்ட்ரிங்கைத் தளர்த்தினார். திருகுகளைக் கழற்றினார். கழுத்தை உருவி எடுத்தார். அட்டைக் கீற்று உள்ளே இருந்தது. அதை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்தார். வாசலைப் பார்த்து எறிந்துவிடுவார் என்று நினைத்தேன். எறியவில்லை. கழுத்தின் அடியில் விபூதி தடவினார். அட்டையை அதே இடத்தில் வைத்தார். கழுத்தை அழுத்தி எடுத்தார். அட்டையின் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை வெள்ளை ஒரே சீராகப் பதிந்திருந்தது.

"ஒத்தை மடிப்பா?" என்றார்.

"ஆமா. ரெண்டு மடிப்பு வச்சுப் பாத்தேன். பின்னால ரொம்பச் சாஞ்சிருச்சு. ஸ்ட்ரிங்கு கழுத்துலயே படுத்துக்கிடுச்சு."

"வச்சுப் பாத்தியா?"

"பாக்காம எப்படித் தெரியும்?"

அடுப்பில் ஏதோ தீய்ந்த வாசனை வந்தது. அக்கா எழுந்து போகவில்லை.

"சரியாத்தான் வச்சிருக்க" என்றார் அத்தான். "நான் சுத்திச் சுத்திக் கழுத்து உக்காருததையே பாத்துக்கிட்டு இருந்துட்டேன். சாய்மானத்தப் பாக்கல."

ஸ்குரூ டிரைவரை அக்காவிடம் நீட்டினார். "நீயே பூட்டு. மொத்தமா ஒண்ணை முடுக்காத. மாத்தி மாத்தி முடுக்கு."

தப்பு தன்மேல்தான் என்று அவ்வளவு சுளுவாகச் சொல்லுகிற ஆண்பிள்ளையை நான் அதுவரை பார்த்ததில்லை. எங்கள் அப்பா தானே உப்பை அள்ளிப் போட்டுக்கொண்ட குழம்பைக்கூடக் கடைக்காரன் உப்பு சரியில்லை என்று சொல்லித்தான் சாப்பிடுவார். எனக்கு அந்த நிமிஷம் அத்தானின் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும் போலிருந்தது. வெட்கமாக இருந்ததால் கிடார் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

திருவிழாக் கச்சேரியில் வாசித்தேன். மாஸ்டர் தலையை ஆட்டினார். தூத்துக்குடிப் பையனைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை. அத்தான் மேடைக்குப் பக்கத்தில் டியூப் லைட் கம்பத்தடியில் கடைசிவரை நின்றார். பாட்டுக்காரர்களையோ கூட்டத்தையோ பார்க்கவில்லை. கழுத்தும் உடம்பும் சேருகிற இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இறங்கி வந்ததும், "அசையல மாப்ளே" என்றார். நான் எப்படி வாசித்தேன் என்று சொல்லவே இல்லை.

அந்த அட்டைக்குப் பதிலாக அதே கனத்தில் பூவரசில் ஒரு கீற்றுச் சீவி வைக்கலாமே என்று பிற்பாடு நானே பலமுறை கேட்டேன். அவருக்கு அது ஒரு மாலை வேலை. "அது உங்க அக்கா வச்சது. அவகிட்டக் கேட்டுட்டு வா" என்பார். அக்காவிடம் கேட்டால், "ஏன், நல்லாத்தான இருக்கு?" என்பாள். இன்றைக்கும் அது அங்கேயேதான் இருக்கிறது.

அதற்கப்புறம் அத்தானிடம் ஒரு சின்ன மாற்றம். அட்டையைக் கண்டால் குனிவார், ஆனால் உடனே உருவ மாட்டார். "இது யாரு வச்சது?" என்று கேட்பார். யாரோ வச்சது என்றால் அரம் வெளியே வரும். எங்க வீட்டுல வச்சது என்று யாராவது சொல்லிவிட்டால், ஆடுகிற நாற்காலியில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு வருவார். அக்காவும் அவரிடம் அதற்குப் பிறகு அவ்வளவாகச் சண்டை போடவில்லை. சாமிப் பலகை சுவருக்கு ஏறியது. தாழ்ப்பாள் மட்டும் கடைசிவரை ஏறவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, பெரிய வயது ஒன்றும் ஆகாத காலத்தில், அத்தான் போய்விட்டார். காலையில் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், திரும்பக் கொண்டுவந்தோம். வாசலில் சாமியானா போட்டார்கள். கயத்தாறு பக்கத்துச் சொந்தங்களும் கிடைக்காரர்களும் வந்து கூடினார்கள். அவரைக் கிடத்துவதற்கு அந்த டீக்கடைக்காரர் தன் கடை பெஞ்சையே தலையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். யாரும் அவரிடம் கேட்கவில்லை.

பெஞ்சை வாசலில் போட்டதும் ஆடியது. அத்தான் ராவியதெல்லாம் அந்தக் கடைத் தரைக்கு. அக்கா வீட்டு வாசல் கல்லுக்கு அது சேரவில்லை. கூட்டத்தில் யாரோ சட்டைப் பையைத் துழாவி, தீப்பெட்டியிலிருந்து குச்சிகளைக் கொட்டிவிட்டு, அதை நசுக்கிக் காலுக்கடியில் கொடுத்தார்கள். பெஞ்சு நின்றது. அத்தானைத் தூக்கிக்கொண்டு வர உள்ளே போனார்கள்.

காலையிலிருந்து சுவரில் சாய்ந்திருந்த அக்கா, "அத எடுங்க" என்றாள்.

யாருக்கும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

"அந்த அட்டைய எடுலே தம்பி. அவியளுக்கு ஆகாது."

ஸ்கூட்டர் பெட்டியில் அரம் இருந்தது. எடுத்து வந்து பெஞ்சைக் கவிழ்த்தேன். எந்தக் கால் இடிக்கிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை; கண்ணில் நீர் நிறைந்திருந்தது. தட்டில் இருந்த விபூதியை அள்ளிக் கல்லில் தூவி, பெஞ்சை நிறுத்திப் பார்த்து, வெள்ளை ஒட்டிய காலை ராவினேன். நிமிர்த்தினேன். ஆடியது. மறுபடி ராவினேன். அழுதுகொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பெரியவர் ஒருவர், "வெயில் ஏறுதுப்பா, நேரம் ஆகுதுல்லா" என்றார்.

"இருங்க அண்ணாச்சி" என்றார் டீக்கடைக்காரர். "அவிய பெஞ்சு. ஆகட்டும்."

ராவி முடித்து நிமிர்த்தி வைத்தேன். அக்கா எழுந்து வந்தாள். பெஞ்சின் ஒரு மூலையில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். அடுத்த மூலையிலும் அழுத்தினாள். அசையவில்லை.

"இப்பக் கொண்டு வாங்க" என்றாள்.